முகத்துவாரமும் குழந்தையின் இதயமும்

பழவேற்காட்டுக்காரர்களுக்கு முகத்துவாரம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மணல் ஏறி வாய் அடைபட்டால் ஏரிக்குள் கடல் தண்ணீர் வராது, இறால் குஞ்சு வராது, படகு கடலுக்குப் போக முடியாது. அதைத் திறந்து வைக்கச் சொல்லி எத்தனை மனுக்கள்! பொன்னேரி தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் அப்படிப்பட்ட மனுக்களுக்கு நானே எண் போட்டு, முத்திரை குத்தி, மேலே அனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பதிவு இன்னொரு வாசலைப் பற்றியது. அது பிறந்த குழந்தையின் நெஞ்சுக்குள் இருப்பது. முகத்துவாரம் மூடினால் நமக்குத் தொல்லை, இது மூடாவிட்டால் தொல்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. அரசு ஊழியன் ஓய்வு பெற்றாலும் ஊராருக்கு அவன் எழுத்தர்தான். பட்டா, பென்ஷன் தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு, எதுவானாலும் "ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று வந்துவிடுவார்கள். சில மாதங்களுக்கு முன் குப்பத்திலிருந்து ஒரு பாட்டியம்மா வந்தார். பேரக்குழந்தை ஏழு மாதத்தில் பிறந்து, ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, வீடு திரும்பியிருக்கிறது. சீட்டின் கடைசி வரிகளில் 'பி.டி.ஏ.' என்று போட்டு, மறுபடி எக்கோ எடுக்க ஒரு தேதியும் குறித்திருந்தார்கள். "வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அப்புறம் எதுக்கு ஐயா மறுபடி வரச் சொல்றாங்க? நோய் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதற்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

ஒரு சிறிய குழாய்

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்கு அங்கே வேலை இல்லை. வேண்டிய பிராணவாயு தொப்புள் கொடி வழியாக வந்துவிடுகிறது. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் திசை திருப்பி, உடம்புக்குப் போகும் பெரிய குழாயில் சேர்த்துவிட இயற்கை ஒரு குறுக்குக் குழாய் வைத்திருக்கிறது. அதுதான் 'டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ்'. பிரெஞ்சில் 'கனால் அர்த்தேரியல்' என்பார்கள். 'கனால்' என்றால் கால்வாய். பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

குழந்தை பிறந்து முதல் அழுகை அழுததும் நுரையீரல் விரிகிறது. இனி இந்தக் குறுக்குக் கால்வாய் தேவையில்லை. நிறைமாதக் குழந்தைக்கு அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் சுருங்கி மூடிவிடும். சில வாரங்களில் வெறும் நார் போல் ஆகிவிடும். குறைமாதக் குழந்தையின் கதை வேறு. அதன் குழாய்ச் சுவர் இன்னும் முதிரவில்லை. 'மூடு' என்ற உத்தரவு அதற்குச் சரியாகக் கேட்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ, அவ்வளவு நாள் அது திறந்திருக்க வாய்ப்பு அதிகம். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒரு வாரம் கழித்தும் மூடியிருக்காது. இப்படித் திறந்தே இருப்பதைத்தான் பி.டி.ஏ. என்று மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள்.

திறந்திருந்தால் என்ன ஆகும்? பிறந்த பிறகு அழுத்தம் மாறிவிடுகிறது. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு பின்வாங்கி நுரையீரலுக்குள் பாய்கிறது. நுரையீரல் ஈரம் கோத்துக் கனக்கிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. இதயம் இரட்டை வேலை செய்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் குறைகிறது. குழாய் சிறியதாக இருந்தால் எதுவுமே தெரியாமலும் போகலாம்.

பெயரில் ஒரு குழப்பம்

இந்தக் குழாய் பழங்காலத்திலேயே தெரிந்ததுதான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் ஐரோப்பாவில் பலர் இதற்கு 'பொத்தால்லோ குழாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லெயொனார்தோ பொத்தால்லோ இத்தாலியின் ஆஸ்தி நகரத்துக்காரர். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் ஷார்லின் அரண்மனை மருத்துவர். அவர் 1564-ல் எழுதியது இந்தக் குழாயைப் பற்றி அல்ல, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள துளையைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் துளையைத்தான் 'த்ரூ தெ பொத்தால்' என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தோம். ஒரு துளையைக் கண்டவர் பெயரை ஒரு குழாய்க்கும் சேர்த்து வைத்தது, சர்வே எண் மாறிப்போன பட்டா போல.

பிறகு 1628-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தைப் பற்றிய தன் நூலில், கருவில் இந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக விளக்கினார். 1900-ல் எடின்பரோவைச் சேர்ந்த ஜார்ஜ் கிப்சன், மூடாத குழாயின் சத்தத்தை விவரித்தார். எஞ்சின் ஓடுவது போல நிற்காமல் கேட்கும் இரைச்சல் அது. கரையில் நிற்கும்போது தூரத்தில் வரும் ஃபைபர் படகின் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைமாதக் குழந்தைகளிடம் அந்தச் சத்தம் பல வேளைகளில் முழுதாகக் கேட்பதில்லை. அதனால்தான் ஸ்டெதாஸ்கோப்போடு நிறுத்தாமல் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்.

முதலில் கட்டியவர்

குழாயை நூலால் கட்டி மூடிவிடலாமே என்று ஜான் மன்ரோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1907-லேயே சொன்னார். யாரும் துணியவில்லை. 1937-ல் பாஸ்டனில் ஒருவர் முயன்றார். நோயாளி சில நாட்களில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1938 ஆகஸ்ட் 26 அன்று, அதே பாஸ்டனின் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டினார். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. தலைமை மருத்துவர் வெளியூர் போயிருந்த நேரம். சிறுமி பிழைத்தாள்; நெடுங்காலம் வாழ்ந்து பேரக்குழந்தைகளையும் பார்த்தாள். பிறவி இதயக் குறைகளுக்கான அறுவை சிகிச்சை என்ற துறையே அந்த நாளிலிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1940-களின் இறுதியில் நெஞ்சு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அந்தத் துறைக்குப் பல மருத்துவர்களைப் பயிற்றுவித்த இடம் அது. சென்னை எழும்பூரில் டாக்டர் எஸ்.டி. ஆச்சார் 1948-ல் குழந்தைகள் மருத்துவத்துக்கென்று தனித்துறை அமைத்தார். இன்று நம் ஊர்க் குழந்தைகளை அனுப்பும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஏழாம் மாதமா, எட்டாம் மாதமா?

கிராஸ் கட்டியது வளர்ந்த குழந்தைக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தச் சிக்கலே அப்போது வெளியே தெரியவில்லை. காரணம் எளிது, வருத்தமானதும்கூட: குழாய் மூடியதா இல்லையா என்று பார்க்கும் அளவுக்கு அந்தக் குழந்தைகள் உயிரோடு இருக்கவில்லை.

"ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் என்று நினைத்திருந்தேன். இதே கருத்து இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஹிப்போகிரட்டீஸ் வழி வந்த கிரேக்க நூல்களிலும் இருக்கிறது! உண்மை நேர்மாறானது. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டு மாதக் குழந்தை ஏழு மாதக் குழந்தையைவிட எளிதாகப் பிழைக்கும். இந்தப் பேச்சைக் கேட்டு எட்டாம் மாதத்துக் குழந்தையின் மேல் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தது நம் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்த குழந்தை. எடை சுமார் 2.1 கிலோ. உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும், நுரையீரல் முதிராத நோயால் இரண்டே நாளில் இறந்துவிட்டது. இன்று அதே எடையில் பிறக்கும் குழந்தை சென்னையின் அரசு மருத்துவமனையிலிருந்து சாதாரணமாக வீட்டுக்கு வருகிறது. அமெரிக்க ஜனாதிபதிக்கு அன்று கிடைக்காதது இன்று கட்டுமரக்காரர் பேரனுக்குக் கிடைக்கிறது. அறுபது ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது.

அதே 1963-ல்தான் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் குழாயைக் கட்டிய செய்திகள் மருத்துவ இதழ்களில் வந்தன. 1976-ல் ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள்: இண்டோமெத்தசின் என்ற மருந்து கொடுத்தால் கத்தியில்லாமலே குழாய் சுருங்குகிறது என்று. பிறகு இபுப்ரூஃபன் வந்தது. அதன் பிறகு, நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமாலுக்கும் அந்தக் குணம் உண்டு என்று 2011-ல் எழுதினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் பிறந்த முதல் நாட்களில், ஆஸ்பத்திரியில், அளவு பார்த்துக் கொடுப்பவை. வீட்டுக்கு வந்த குழந்தைக்குப் பாரசிட்டமால் சிரப் ஊற்றினால் குழாய் மூடாது, கல்லீரல்தான் கெடும்.

கடைசியாக நம் பழைய டச்சுக்காரர்களின் நாட்டிலிருந்து ஒரு செய்தி. 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள், பெல்ஜியம், டென்மார்க் மருத்துவர்களோடு சேர்ந்து, 28 வாரத்துக்கு முன் பிறந்த 273 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேருக்குப் பொறுத்திருந்து பார்ப்பது. பொறுத்திருந்தவர்கள் மருந்து பெற்றவர்களைவிட மோசமாகவில்லை. முடிவு 2023-ல் வெளியானது. ஆக, எல்லாக் குழாயையும் அவசரமாக மூட வேண்டியதில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வலுத்து வருகிறது. அதனால்தான் இன்று சில குழந்தைகள் குழாய் திறந்த நிலையிலேயே வீட்டுக்கு வருகின்றன. பாட்டியம்மாவின் கேள்விக்குப் பதில் இதில் பாதி இருக்கிறது: பெரும்பாலான குழந்தைகளுக்கு அது முதல் ஆண்டுக்குள் தானாகவே மூடிவிடும். மூடியதா என்று பார்க்கத்தான் வரச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மீதிப் பாதியைச் சொல்ல மறுபடி பிரான்சுக்குப் போக வேண்டும்.

பாரிஸ் பிரசவ மருத்துவமனையின் எத்தியென் தார்னியே, மிருகக்காட்சிச் சாலையில் கோழி முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். அதைப் போலவே குறைமாதக் குழந்தைக்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லி, 1880-ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கும் இன்குபேட்டரின் மூதாதை அது. அவருடைய மாணவர் பியேர் புதேன் இன்னும் ஒரு படி மேலே யோசித்தார். ஆஸ்பத்திரியில் காப்பாற்றிய குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு இறப்பதைக் கண்டார். எனவே 1892-ல், பிறந்து வீடு திரும்பிய குழந்தைகளைத் தவறாமல் கொண்டுவரச் சொல்லி, எடை போட்டு, தாய்ப்பாலை ஊக்குவித்து, குறித்து வைக்கும் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஃபாலோ அப் என்று இன்று சொல்வதன் தொடக்கங்களில் அது ஒன்று.

1894-ல் லெயோன் துஃபூர் என்ற மருத்துவர் 'பால் துளி' என்று பொருள்படும் பெயரில் இது போன்ற ஒரு நிலையத்தை நிறுவினார். எங்கே தெரியுமா? ஃபேகாம் என்ற ஊரில். நார்மண்டிக் கடற்கரையில், காட் மீன் பிடிக்க மாதக்கணக்கில் ஆண்கள் தூரக் கடலுக்குப் போய்விடும் மீன்பிடித் துறைமுகம் அது. ஆண்கள் கடலில், குழந்தையும் வறுமையும் பெண்களோடு கரையில். பழவேற்காட்டுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. 2003-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் மாவட்ட அளவில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. பிறகு அது நாடு முழுதும் பரவியது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. முன்பெல்லாம் ஏரித் தீவுகளில் வலி கண்ட பெண்ணைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்து, அதன் பிறகு வண்டி தேட வேண்டும். சென்னை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். இந்தியாவில் 1971-ல் ஆயிரம் குழந்தைகளுக்கு 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-ல் அது 28. தமிழ்நாட்டில் 13. பிழைக்கும் குழந்தைகள் கூடியிருப்பதால்தான் பி.டி.ஏ. என்ற வார்த்தை நம் குப்பங்களுக்குள் வந்திருக்கிறது.

ஆனால் மறு தேதிக்குப் போவதில் நம் ஊரில் சில இடைஞ்சல்கள் உண்டு. குழந்தையும் தாயும் தாய் வீட்டில் இருப்பார்கள். சீட்டு மாமியார் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த போன் நம்பர் மாறியிருக்கும். இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாதது: ஏரியில் பாடு முறை. குறிப்பிட்ட இடத்தில் வலை போட ஒவ்வொருவருக்கும் முறை வரும் நாள் உண்டு. எக்கோ தேதியும் பாடு நாளும் ஒன்றாக வந்தால், வீட்டில் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று தேதி தள்ளிப்போகும். ஒரு முறை தள்ளினால் பிறகு அது மறந்தே போகும்.

போகாவிட்டால் என்ன? மூடிவிட்டிருந்தால் ஒன்றுமில்லை. மூடாத பெரிய குழாயாக இருந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தடித்துப் போகும். ஒரு கட்டத்துக்கு மேல் குழாயை மூடவும் முடியாது. நேரத்தோடு தெரிந்தால் வழி எளிது. 1967-ல் கிழக்கு பெர்லினில் வெர்னர் போர்ஸ்ட்மன் நெஞ்சைத் திறக்காமலே குழாயை அடைக்கும் முறையைச் செய்து காட்டினார். இன்று தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சிறு அடைப்பானை வைத்து மூடிவிடுகிறார்கள். 700 கிராமுக்கு மேற்பட்ட குழந்தைக்கே பொருந்தும் அடைப்பானுக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

தாத்தா பாட்டிகளுக்கு

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். மகன் கடலில், மருமகள் வேலையில். பகலில் குழந்தை நம் மடியில். ஆகவே கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான். டாக்டர் சொன்னவற்றை வரிசையாகத் தருகிறேன்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, நடுவில் களைத்து விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் இதை 'உடம்புச் சூடு' என்று விட்டுவிடுவோம்.

தூங்கும்போது சட்டையை விலக்கி மூச்சைப் பாருங்கள். வேகமாக இருக்கிறதா, விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா?

எடை ஏறுகிறதா? அங்கன்வாடியில் தராசு இருக்கிறது. புதேன் 130 ஆண்டுக்கு முன் நம்பியதும் தராசைத்தான்.

அடிக்கடி சளி, நிமோனியா என்று வந்தால் 'மாந்தம்' என்று மந்திரித்து நிறுத்திவிடாதீர்கள். மந்திரிக்க வேண்டுமானால் மந்திரியுங்கள். அன்றைக்கே டாக்டரிடமும் காட்டுங்கள்.

குழந்தை நீலம் பூத்தால், பால் குடிக்க மறுத்துத் துவண்டால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண் பரிசோதனைத் தேதி தனியாக இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும். அதையும் தவற விடாதீர்கள்.

இனி என் பழைய தொழில் சார்ந்த யோசனை. டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று தாய் வீட்டில், ஒன்று மாமியார் வீட்டில். மூலத்தைத் தடுப்பூசி அட்டையோடு ஒரே கவரில் வையுங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதுங்கள். அது பாடு நாளாக இருந்தால், முன்கூட்டியே முறையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்; குழந்தையின் சிகிச்சை என்று சொன்னால் மனம் இரங்காத ஊர் அல்ல நம்முடையது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் மாறிய போன் நம்பரைச் சொல்லிவிடுங்கள்.

பணத்துக்குப் பயந்து நிற்க வேண்டாம். 2009-ல் தொடங்கிய மாநிலக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது; இதயக் குறைகளுக்கான சிகிச்சைகளும் அதில் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வருகிறது. பிறவி இதயக் கோளாறு அவர்கள் பட்டியலில் இருக்கிறது. காப்பீட்டு அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். அவசரம் வந்த பிறகு சான்றிதழுக்கு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என் வீட்டுக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.